மகியோட பூட்டு

அக்கா... ஏக்கா... பச்சை நைட்டிக்கா! இங்க, எதுத்தாப்புல. ஆமா, உங்களத்தான். சத்தம் போட்டுக் கூப்பிட வேணாம்னுதான் துணி கிளிப்ப வீசினேன். மேல பட்டிருச்சா? மன்னிச்சுக்கங்கக்கா. அது அங்கேயே கிடக்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்.

ஒண்ணுமில்ல, பதறாதீங்க. என் புள்ள என்னைய பால்கனியில விட்டுட்டு உள்பக்கமாத் தாழ்ப்பாப் போட்டுட்டான். அவ்வளவுதான். துணி காயப்போட வந்தேன். முதுகுக்குப் பின்னாடி டக்குனு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா கதவு சாத்தியிருக்கு. கீழ்த் தாழ்ப்பா. வீடு கட்டினவன் என் புள்ள உயரத்த அளந்து வச்ச மாதிரி வச்சிருக்கான்.

ஐயோ, வாட்ச்மேனக் கூப்பிடாதீங்க! வேணாம்கா, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். அவருகிட்ட எங்க வீட்டுக்காரரு நம்பர் இருக்கு. இங்க நான் தும்மினாக்கூட அங்க போன் போட்டுச் சொல்லிருவாரு. நானே சமாளிச்சுருவேன். கொஞ்ச நேரம் நீங்க அங்க நின்னு பேசிக்கிட்டு இருந்தாப் போதும். யாராவது ஆளு பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்.

உங்களுக்கு என்னையத் தெரியாது. எனக்கு உங்களத் தெரியும். தினம் இந்நேரத்துக்குத் துணி காயப்போட வருவீங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு உதறு உதறுவீங்க. அந்தச் சத்தம் கேட்டா நானும் ஏதாவது ஒரு துணிய எடுத்துக்கிட்டு வந்துருவேன். சில நாள் காஞ்ச துணியவே நனைச்சு எடுத்துட்டு வந்திருக்கேன், போங்க. உங்க பேரு என்னக்கா? ஜெசிந்தாவா. நல்ல பேரு. நான் சுகந்தி. சொந்த ஊரு மணப்பாறை. இவன் மகிழன். மகி, மகின்னு கூப்பிடுவோம். வர்ற ஆடி வந்தா மூணு வயசு.

இந்தா, இந்த சமையக்கட்டு ஜன்னல் வழியா எனக்கு அவனத் தெரியுது. கம்பி போட்ட ஜன்னல், கைதான் போகும். தரையில உக்காந்து துணிக்கூடையில பொம்மைய அடுக்கிக்கிட்டு இருக்கான். தொரைக்கு அலட்டலே இல்ல. டேய் மகி, அம்மாவுக்குக் கதவு தொறடா தங்கம். பாருங்க, தலைய ஆட்டுறான். தொறக்க மாட்டானாம்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க சிரிங்க. எனக்கும் மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு.

வாசப்பக்கமா வர்றீங்களா? வர முடியாதுக்கா. கிரில் கேட்டு வெளிப்பக்கம் பூட்டியிருக்கும். யாரா? அவருதான் பூட்டிட்டுப் போவாரு. காலையில ஆபீஸ் கிளம்புறப்ப பூட்டுவாரு, சாயங்காலம் வந்து தொறப்பாரு. என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? நீங்க நினைக்கிற மாதிரியெல்லாம் ஒண்ணும் இல்ல. புள்ளைக்காகத்தான்.

கேளுங்க. இவன் நடக்க ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாள், நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன். கேட்டு சும்மா சாத்தியிருந்தது. இவன் தள்ளிட்டு வெளிய போயி, படியில ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து இறங்கி, வாட்ச்மேன் ரூம் வரைக்கும் போயிட்டான். கீழ கார் வர்ற எடம். ஏதோ நல்ல நேரம், ஒண்ணும் ஆகல. வாட்ச்மேன் தூக்கிக்கிட்டு மேல வந்தாரு, வர்றதுக்கு முந்தியே எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டாச்சு. அவரு பாதி வேலையில விட்டுட்டு ஓடியாந்தாரு. என்னைய ஒரு வார்த்தை திட்டல. கை நீட்டல. புள்ளையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. கண்ணுல தண்ணி. மறுநாள் பூட்டு வந்துச்சு.

சாதாரணப் பூட்டு இல்லக்கா, நல்ல கனமான பூட்டு. அவரு ஒரு கம்பெனியில ஸ்டோர் கீப்பரு. ஒரு ஆணி வெளிய போகணும்னாலும் அவரு பாத்துத்தான் போகணும். பொருள எப்படிப் பாத்துக்கணும்னு அவருக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது. எங்க அம்மாவே சொல்லும், தங்கமான மாப்பிள்ளைடின்னு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆபீஸ் விட்டா வீடு, வீடு விட்டா ஆபீஸ். சாயங்காலம் வந்தா வெறுங்கையோட வர மாட்டாரு. இவனுக்கு ஏதாவது பொம்மை, எனக்கு ஒரு முழம் பூ. பூவ யாருக்கு வச்சுக் காட்டுறதுன்னு கேக்கறீங்களா? அவருக்குத்தான்.

இந்த மகிப் பய இருக்கானே, அவரு வாங்கியாந்த பொம்மை ஒண்ணத் தொட மாட்டான். சாவி குடுத்தா தாளம் போடுற கரடி ஒண்ணு, லைட்டு எரியிற விமானம் ஒண்ணு, எல்லாம் அலமாரியில அப்படியே கிடக்கு. இவனுக்குப் பிடிச்சது என்ன தெரியுமா? சக்கரம் போன பஸ் ஒண்ணு. என் பழைய டிபன் பாக்ஸ் மூடி. தோசைக் கரண்டி. எங்க அம்மா வந்தப்ப குடுத்த துணி யானை, காது ஒண்ணு பிஞ்சிருச்சு. அப்புறம் குக்கர் வெயிட்டு. அதான் உசுரு. சோறு ஆக்கி எறக்கினதும் கைய நீட்டுவான், கழுவித் துடைச்சுக் குடுக்கணும். விரல்ல மாட்டிக்கிட்டு உஸ்ஸுனு விசிலடிச்சுக்கிட்டே வீடெல்லாம் சுத்துவான்.

என் செருப்பும் பிடிக்கும். அதை வாயில வைக்கிறான்னு அவரு எடுத்துப் பரண் மேல போட்டுட்டாரு. சரிதானே? புள்ள வாயில செருப்பு போனா நல்லாவா இருக்கு? எனக்கும் அதால ஒண்ணும் குறைஞ்சு போயிடல. எங்க போறேன், செருப்புப் போட?

போனும் அப்படித்தான். எங்கிட்ட பெரிய போன் இருந்தது. இவன் பிடுங்கிப் பிடுங்கிப் பாக்குறான், கண்ணு கெட்டுரும்னு அவரு எடுத்துக்கிட்டாரு. இப்ப பட்டன் போன். அவரு கூப்பிடறதுக்கு அது போதும். பதினோரு மணிக்கு ஒரு தடவ, சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவ. "புள்ள என்ன பண்றான்?"னு கேப்பாரு. என்னையவும் கேப்பாரு. இல்லாம என்ன. கேப்பாரு.

அம்மா எப்ப வந்துச்சுன்னா கேக்கறீங்க? இவனுக்கு ஒரு வயசு இருக்கும். திரும்பிப் போனதும் இவனுக்குச் சளி பிடிச்சுக்கிச்சு. பஸ்ஸுல வந்தவங்க, என்னத்தையோ கொண்டாந்துட்டாங்கன்னு அவரு சொன்னாரு. குழந்தை கொஞ்சம் பெரிசாகட்டும், அப்புறம் வரட்டும்னாரு. அதுவும் நியாயம்தான். டாக்டரே சொல்லியிருக்காராம்.

நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். உங்களுக்கு வேலை கெடுதா? இல்லையா? நில்லுங்கக்கா அப்படின்னா.

மகி! டேய், என்னடா சொல்ற? இங்க ஜன்னல் கிட்ட வா. வா, வந்து சொல்லு. ...கேட்டுச்சாக்கா அவன் சொன்னது? "அழாத. அப்பா பூ வாங்கிட்டு வதேன்." அவனே அப்பாவாம். நான் அழவே இல்ல, இந்த வெயிலு கண்ணுல அடிக்குது. அவரு காலையில கேட்டப் பூட்டிட்டுச் சொல்றது அதுதான். பூட்டுவாரு, ஒரு தடவ இழுத்துப் பாப்பாரு, "பத்திரம்"னு சொல்லுவாரு. இவன் உள்ள கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பான், இவனும் "பத்திம்"பான். தினமும் நடக்கிற கூத்து அது. அவரு போனதும் இவன் ஆட்டத்த ஆரம்பிச்சுருவான். முந்தி இருந்த பூட்டு ஒண்ணு தொறந்தபடியே இறுகிப் போச்சுன்னு அவரு இவனுக்குக் குடுத்திருக்காரு. அதைத் தூக்கிக்கிட்டு அலைவான். பொம்மையெல்லாம் கூடையில போட்டு மூடி, கைப்பிடியில அந்தப் பூட்ட மாட்டுவான். பீரோக் கைப்பிடியில மாட்டுவான். ஒரு நாள் என் சேலை முந்தானையில மாட்டிட்டான். நான் குனிஞ்சு காட்டுவேன். நல்லா மாட்டுடா ராஜான்னு சொல்லிக் குடுப்பேன். சமத்தா வெளையாடுறான், என்னைய வேலை செய்ய விடறான், அது போதாதா?

இன்னிக்கும் அதே ஆட்டம்தான்க்கா. இப்பதான் எனக்குப் புரியுது. கோவத்துல ஒண்ணும் பூட்டல. பிடிச்சதையெல்லாம் ஒவ்வொண்ணாப் பத்திரப்படுத்துறான். மொதல்ல என்னைய வச்சிருக்கான்.

அவருக்குப் போன் போடலாம்னா சொல்றீங்க? உங்க போன்லேருந்தா? வேணாம்கா. அடிக்க மாட்டாரு, அந்தப் பயம் இல்ல. வருவாரு, தொறப்பாரு, ஒண்ணும் பேச மாட்டாரு. நாளைக்கு இந்தக் கதவுக்கும் ஒரு பூட்டு வந்துரும். அவரப் பொறுத்தவரைக்கும் அது சரிதான், பால்கனி, புள்ள இருக்கிற வீடு. ஆனா எனக்கு இது ஒண்ணுதான்க்கா இருக்கு. இங்க நின்னா கொஞ்சம் வெயில் படும். உங்களப் பாப்பேன். கீழ மோட்டார் ரூம்ல யாரோ பைப்பு அறுக்கிற சத்தம் கேக்குது பாருங்க, காலையிலேருந்து அதைக் கேட்டுக்கிட்டே வேலை செஞ்சேன், ஆளு கூட இருக்கிற மாதிரி இருந்துச்சு. இந்தக் கதவும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

*

போன் அடிக்குது. கேக்குதா? பிரிட்ஜ் மேல இருக்கு. அவருதான். எடுக்கலேன்னா திரும்பத் திரும்ப அடிப்பாரு. அதுக்கும் எடுக்கலேன்னா வாட்ச்மேனுக்கு அடிப்பாரு. மகி, மகிக் கண்ணு, தாழ்ப்பாள இழுடா. இப்படி, இந்தப் பக்கமா இழு. பிஸ்கட் தர்றேன். அம்மா போன் பேசணும்ல? ...ம்ஹூம். "அப்பா வந்து"ங்கிறான். அப்பா வந்துதான் தொறக்கணுமாம். ஆட்டத்தோட சட்டம் அது. எத்தனை தடவ பாத்திருக்கான். சாயங்காலம் அவரு வந்து தொறக்கிற வரைக்கும் நானோ வேற யாருமோ அந்தக் கேட்டத் தொறந்து அவன் பாத்ததே இல்ல.

குக்கர் வேற அடுப்புல இருக்கு. இவனுக்குத்தான், பருப்பும் அரிசியும் சேத்து வச்சேன். தீயச் சின்னதா வச்சுட்டு வந்தேன். பரவால்ல, தண்ணி நெறையத்தான் ஊத்தியிருக்கேன். இப்பதான் ஒரு விசில் அடிச்சுச்சு. நீங்ககூடக் கேட்டிருப்பீங்க.

என்னடா தேடுற? கூடைக்குள்ள தலைய விட்டுத் தேடுறான். ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வைக்கிறான். பஸ்ஸு. மூடி. கரண்டி. யானை. என்னடா இல்ல? எது...

அக்கா. வெயிட்டு. குக்கர் வெயிட்டு. அதை இன்னும் பத்திரப்படுத்தல அவன்.

விசில் சத்தம் கேட்டு நிமிந்து பாக்குறான். மகி! வேணாம்டா! சுடும்! மகி, அது சுடும்! அக்கா, முக்காலிய இழுக்கிறான். அவன் உக்காந்து சாப்பிடற பிளாஸ்டிக் முக்காலி, அதை அடுப்பு மேடைக்கு இழுத்துக்கிட்டுப் போறான். நான் கைய விட்டா எட்டல, பாருங்க, தோள் வரைக்கும் விட்டாலும் எட்டல. கத்தினா அவனுக்கு வெளையாட்டா இருக்கு. சிரிக்கிறான்.

பூட்ட உடைக்கச் சொல்லுங்கக்கா!

ஆமா, உடைக்கச் சொல்லுங்க. அந்தப் பைப்பு அறுக்கிற அண்ணன் கிட்ட ரம்பம் இருக்குல்ல, அவரக் கூப்பிடுங்க. ரெண்டாவது மாடி, லிப்டுக்கு எடதுபக்கம், கேட்டுல பூட்டுத் தொங்கும். யாரு என்ன கேட்டா கேக்கட்டும். ஓடச் சொல்லுங்க அவர. நல்லாக் கத்திக் கூப்பிடுங்கக்கா, கேக்கட்டும், எல்லாருக்கும் கேக்கட்டும்!

மகி. மகிக் கண்ணா. இங்க பாரு. அம்மாவப் பாரு. அம்மாவுக்கு வெளையாட ஒண்ணுமே இல்லடா. அம்மா தனியா இருக்கேன். பொம்மை குடுக்க மாட்டியா? எனக்கு யானை குடு. யானையக் குடுத்துட்டு அப்புறம் ஏறலாம். ...வர்றான். வர்றான்க்கா. அப்படித்தான், கம்பி வழியாக் குடு. சமத்து. யானைக்குப் பசிக்குதாம், மூடி குடு, அதுல சோறு போடறேன். மூடிய எடுத்துட்டு வாடா. கரண்டி? கரண்டி இல்லாம எப்படிச் சாப்பிடும்? ஆமா, அதையும். பஸ்ஸு குடு, யானை ஊருக்குப் போகட்டும். எந்த ஊருக்கா? மணப்பாறைக்கு. பாட்டி வீட்டுக்கு. டர்ருனு போகட்டும்.

வந்துட்டாரா அண்ணன்? படியேறிட்டாரா? சரி, சரி.

எல்லாத்தையும் குடுத்துட்டான். இனிமே குடுக்க ஒண்ணும் இல்ல. மறுபடியும் முக்காலியப் பாக்குறான். டேய் பூட்டு குடு, உன் பூட்டு. ...அதை மட்டும் தர மாட்டேங்குறான். முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிறான். மாதாவே, முருகா, எந்த சாமியா இருந்தாலும் சரி. முக்காலி மேல ஒரு கால வச்சுட்டான். மகீ!

ஆங்... ரம்பம் போடற சத்தம். கேட்டுல. அக்கா, அதைக் கேட்டுட்டான். இறங்கிட்டான். வாசலுக்கு ஓடறான்! ஓடுடா, ஓடு என் ராசா. போயி பாரு, என்னன்னு பாரு. அக்கா, நான் கீழ உக்காந்துக்கறேன். அவன் குரல் கேக்குதா? அந்த அண்ணனத் திட்டறான். "தொடாத! அப்பா பூட்டு! தொடாத!"

நீங்களே வாங்கக்கா. உங்க வீட்டுக் கதவச் சாத்திட்டு ஓடியாங்க. அறுத்ததும் அந்த அண்ணன் தனியா உள்ள வர வேணாம். தப்பா நினைக்காதீங்க. யாராவது சொல்லி அவரு காதுல விழுந்தா... நீங்க வாங்க. மொதல்ல அடுப்ப அணைங்க, அப்புறம் என்னையத் தொறங்க.

*

உக்காருங்கக்கா. இருங்க, அந்தத் துணிய எடுத்துடறேன், வீடு போட்டது போட்டபடி கிடக்கு. தண்ணி குடிங்க. உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது. என் கையப் பாருங்க, கம்பியில ஒரசித் தோலு போயிருச்சு. புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. வெரல ஒவ்வொண்ணாப் பாத்துட்டேன். ஒண்ணும் ஆகல. சோறு கொஞ்சம் அடிப்பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். அந்த அண்ணன் போயிட்டாரா? ஒரு வாய் காப்பித் தண்ணிகூடக் குடுக்கலையே.

இந்த வீட்டுக்குள்ள வந்து உக்காந்த மொத ஆளு நீங்கதான். எங்க அம்மாவுக்கு அப்புறம்.

அக்கா, ஒரு உதவி. இதுதான் பூட்டு, ரெண்டாப் போயிருச்சு. இதே மாதிரி பூட்டு நம்ம தெரு முனையில இருக்கிற ஹார்டுவேர் கடையில கிடைக்கும், அவரு அங்கதான் வாங்கினாரு. இதைக் காட்டிக் கேட்டா இதே மாதிரி குடுப்பாங்க. வாங்கிட்டு வந்து வெளிப்பக்கமாப் பூட்டிட்டு நீங்க போயிருங்க. அவரு வர்றதுக்கு முந்தி பூட்டிட்டாப் போதும். வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தாருன்னீங்கல்ல, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரிய வேணாம்.

என்னக்கா தலைய ஆட்டுறீங்க? கடை பக்கந்தான். ஓ... சாவி. ஆமால்ல. அவருகிட்ட இருக்கிறது பழைய சாவி. புதுப் பூட்டுல போட்டுத் திருப்புவாரு, திரும்பாது. அப்ப... அப்ப புதுச் சாவிய நீங்க வாட்ச்மேன் கிட்ட... இல்ல, அதுவும் சரிவராது. துருப் பிடிச்சு மாட்டிக்கிச்சுன்னு சொல்லலாமா? இருங்கக்கா, யோசிக்கிறேன். ஏதாவது வழி இருக்கும். நீங்க கேட்டு கிட்ட நில்லுங்க அது வரைக்கும், அது ஆன்னு தொறந்து கிடக்கு. இவன் ஒரு கணம் சும்மா இருக்க மாட்டான். சிட்டாப் பறந்துருவான் வெளிய. அதுக்குத்தானே இந்த ஏற்பாடெல்லாம்.

மகி எங்க?

அந்தா, வாசல்ல. பாத்தீங்களா, சொன்னேன்ல. டேய், வெளிய போகாதடா. மகி... அக்கா, பிடிக்காதீங்க அவன. நில்லுங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க.

போகலக்கா அவன்.

பாருங்களேன். கேட்டு தொறந்து கிடக்கு. படி தெரியுது. எதுத்த வீட்டுக் கோலம் தெரியுது. வாசப்படிக்கு இந்தப் பக்கமே கால் ரெண்டையும் சேத்து வச்சுக்கிட்டு நிக்கிறான். எட்டிக்கூடப் பாக்கல. மகி, கண்ணு, வேணும்னா வெளிய போடா. போயி அந்தக் கோலத்தப் பாத்துட்டு வா. அம்மா திட்ட மாட்டேன். போ.

தலைய ஆட்டுறான்.

என்னடா பண்ற? கேட்ட ஏன் இழுக்கிற, அது கனம்டா, கை நசுங்கிரும்... ரெண்டு கையாலயும் இழுத்து அவனே சாத்துறான்க்கா. அவனோட வெளையாட்டுப் பூட்டக் கொண்டாந்து கம்பியில மாட்டுறான். எக்கி எக்கி மாட்டுறான். ஒரு தடவ இழுத்துப் பாக்குறான் பாருங்க, அவரு மாதிரியே.

"பத்திம்."

ஏங்க்கா. இவன் ஓடிருவான்னுதானே பூட்டினாரு. ஓடிருவான், ஓடிருவான்னுதானே நானும் ஊருக்கெல்லாம், ஊரு எங்க, எனக்கே தினம் சொல்லிக்கிட்டு இருந்தேன். படியில உக்காந்து உக்காந்து இறங்கிக் கீழ வரைக்கும் போன புள்ளக்கா இது. நடக்கவே சரியாத் தெரியாதப்ப போனவன். இப்ப ரெண்டு காலும் நல்லா ஓடுது, கதவும் தொறந்து கிடக்கு, அவனுக்குப் போகணும்னே தோணலியே. தொறந்திருக்கிறதப் பாத்தா அவனுக்குப் பயமா இருக்குக்கா. என் புள்ளைக்குப் பயமா இருக்கு.

நான்தானே குனிஞ்சு காட்டிச் சொல்லிக் குடுத்தேன். நல்லா மாட்டுடா ராஜான்னு.

போன் மறுபடியும் அடிக்குது. அடிக்கட்டும்.

இங்க வாடா மகி. வா, அம்மா தூக்கிக்கிறேன். யானைய எடுத்துக்க. பஸ்ஸையும் எடுத்துக்க. பூட்டு அங்கேயே தொங்கட்டும்டா, அழாத, அது எங்கேயும் போகாது. கரடி வேணாம், விமானம் வேணாம். இது மட்டும் போதும்.

அக்கா, கடைக்குப் போகாதீங்க. பூட்டு வேணாம். உங்க வீட்டுல பழைய செருப்பு ஒரு ஜோடி இருந்தாக் குடுங்க. அளவு எப்படி இருந்தாலும் சரி.